ஓட்டம் ஏன் பிடிக்கிறது? அந்தப் பிடிப்பு கோடையிலும் மழையிலும் நிற்க என்ன செய்கிறீர்கள்?

தெருமுனை (இழையைத் தொடங்கியவர்)

சென்னையில் வெயில் ஏறத் தொடங்கிவிட்டது. ஜனவரியில் புது ஷூ வாங்கியவர்களில் பாதிப் பேரை இனி ரோட்டில் பார்க்க முடியாது. அதை மனவுறுதிக் குறைவு என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. எடை குறையணும், சர்க்கரை குறையணும் என்பதெல்லாம் தொடங்கி வைக்கிற காரணங்கள். விடிகாலை நாலரைக்கு ஒருவரை எழுப்ப அவை போதாது. வருடக்கணக்கில் ஓடுபவர்களிடம் வேறு ஏதோ ஒன்று இருக்கிறது.

என் காரணம்: நாள் முழுக்க யாருக்காவது பதில் சொல்லிக்கொண்டே இருக்கும் வேலை. அந்த நாற்பது நிமிடம் மட்டும் யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம். அதற்காகவே காதில் பாட்டு வைப்பதில்லை, வாட்ஸப் வைத்த போனைக் கையில் எடுப்பதில்லை.

உங்கள் காரணத்தையும், அது கெடாமல் இருக்க என்ன செய்கிறீர்கள் என்பதையும் எழுதுங்கள். வீட்டு நிலவரத்தையும் சேர்த்தே எழுதுங்கள். பள்ளிக்கூடம், ஷிப்ட், சமையல் எல்லாவற்றுக்கும் நடுவில்தானே ஓட வேண்டியிருக்கிறது. அனுபவக் கதைகளைவிட செய்முறை விவரம் இருந்தால் புதியவர்களுக்கு உதவும்.

மெதுவோட்டம்

நல்ல கேள்வி. எனக்குப் பிடித்தது அந்த இருபதாவது நிமிடம். மூச்சும் காலும் ஒன்றுசேர்ந்து, இனி எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் போகலாம் என்று தோன்றும் இடம். புதிதாக ஓடுபவர்களில் முக்கால்வாசிப் பேர் அந்த இடத்தைப் பார்க்காமலே நிறுத்திவிடுகிறார்கள். அதற்கு ஒரே காரணம் வேகம்.

முதல் பத்து நிமிடம் எல்லாருக்கும் கஷ்டம்தான். கால் தசை கேட்கிற ஆக்சிஜனை இதயமும் நுரையீரலும் உடனே கொடுத்துவிடாது, சில நிமிடம் பின்தங்கும். அந்த நேரத்தில் வேகமாகப் போனால் மூச்சு வாங்கும். மூச்சு வாங்கினால் "எனக்கு ஓட்டம் சரிப்படாது" என்ற முடிவுக்கு வந்துவிடுவோம். ஆகவே ஐந்து நிமிடம் சுறுசுறுப்பாக நடந்துவிட்டு, நடையைவிடக் கொஞ்சமே வேகமான ஓட்டத்தில் தொடங்குங்கள். அளவுகோல் எளிது: பக்கத்தில் ஓடுபவரிடம் ஒரு முழு வாக்கியத்தை இடையில் மூச்சு இழுக்காமல் சொல்ல முடிய வேண்டும். முடியவில்லையா, வேகத்தைக் குறையுங்கள். குறைத்தும் முடியவில்லையா, நடங்கள். முழுக்கப் புதியவர் என்றால் ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என்று எட்டு முறை, வாரத்துக்கு மூன்று நாள். அடுத்த வாரம் ஒன்றரை நிமிடம் ஓட்டம். எட்டு, பத்து வாரத்தில் நிற்காமல் அரை மணி நேரம் ஓட வந்துவிடும்.

அந்த இன்பம் எங்கிருந்து வருகிறது என்பதும் சுவையான விஷயம். நெடுங்காலம் உடம்பின் சொந்த வலிநிவாரணியான எண்டார்பின் என்றே சொல்லி வந்தார்கள். 2021-இல் வெளியான ஒரு ஜெர்மன் ஆய்வில், எண்டார்பின் வேலை செய்யும் வழியை மருந்தால் அடைத்துவிட்டு ஆட்களை முக்கால் மணி நேரம் ஓடவிட்டார்கள். அப்போதும் அந்த மகிழ்ச்சி குறையவில்லை. உடலே சுரக்கும் எண்டோகன்னபினாய்டு என்ற வேறொரு வகைப் பொருள் ஓடியபின் ரத்தத்தில் கூடியிருந்தது. அதற்குப் பாய்ந்து ஓடத் தேவையில்லை. மிதமான வேகத்தில் முப்பது, நாற்பது நிமிடம் தொடர்ந்தாலே போதும்.

கடலோரம்

மெதுவோட்டம் அண்ணா சொன்னதோடு ஒன்று சேர்க்கணும். சென்னையில் "மெது" என்பதற்கு மாதத்துக்கு ஒரு அர்த்தம். ஜனவரியில் கிலோமீட்டருக்கு ஏழு நிமிடத்தில் சுகமாகப் போகிறவர், மே மாதம் அதே ஏழு நிமிடத்தைப் பிடிக்கப் பார்த்தால் மூன்றாவது கிலோமீட்டரில் கால் கனத்துவிடும். உடம்பு பழசாகிவிட்டது, பயிற்சி போய்விட்டது என்று மனம் உடைந்து விடுகிறவர்கள் இங்கேதான் அதிகம். விஷயம் வேறு.

போனில் வெப்பநிலையைப் பார்க்காதீங்க, டியூ பாயிண்ட் எவ்வளவு என்று பாருங்க. காற்றில் எவ்வளவு ஈரம் என்பதை அது சொல்லும். 15-க்குக் கீழே இருந்தால் சுகம். 20-க்கு மேலே போனால் வியர்வை காய்வது குறையும். மே மாதச் சென்னைக் காலையில் வெப்பம் 27, 28 டிகிரி, டியூ பாயிண்ட் 25-ஐ ஒட்டி நிற்கும். வியர்வை சொட்டுகிறதே தவிர காயவில்லை. காயாத வியர்வை உடம்பைக் குளிர்விக்காது. அதனால் இதயம் தோலுக்கும் ரத்தம் அனுப்ப வேண்டும், காலுக்கும் அனுப்ப வேண்டும். அதே வேகத்துக்கு நாடித்துடிப்பு பத்து, பதினைந்து கூடிவிடும். ஆகவே கோடையில் கிலோமீட்டருக்கு அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை தாராளமாக விட்டுக்கொடுங்க. தூரத்தை மறந்துவிட்டு நேரத்தை வைத்து ஓடுங்க: "இன்று நாற்பது நிமிடம்", அவ்வளவுதான்.

வெயிலுக்கு உடம்பு பழக பத்து முதல் பதினான்கு நாள் ஆகும். ரத்தத்தில் நீர்ப்பகுதி கூடும், வியர்வை சீக்கிரம் தொடங்கும், அதில் போகிற உப்பும் குறையும். இரண்டு வாரம் ஊருக்குப் போய் சும்மா இருந்துவிட்டு வந்தால் இந்தப் பழக்கம் பெரும்பாலும் கரைந்துவிடும். திரும்பவும் மெதுவாகத் தொடங்க வேண்டியதுதான்.

மே மாதம் இங்கே சூரியன் ஐந்தே முக்கால் வாக்கில் உதிக்கும். ஐந்துக்கு ஓட ஆரம்பித்தால் வெயில் தோலில் படும் முன் முடித்துவிடலாம். கடற்கரை என்றால் குளிராக இருக்கும் என்று மெரினாவுக்கு வருகிறார்கள். விடிகாலையில் அங்கே பெரும்பாலும் தரைக்காற்றுதான், கடற்காற்று கிளம்ப முற்பகல் தாண்டும். மெரினாவின் நன்மை வேறு: சிக்னல் இல்லாத நீண்ட உட்சாலை, நடக்கிறவர்கள் கூட்டம், வெளிச்சம்.

என் காரணத்தைச் சொல்ல மறந்துட்டேன். வானம் கறுப்பிலிருந்து சாம்பலாகி, சாம்பலிலிருந்து செம்மையாக மாறுவதைத் தினமும் பார்க்கக் கிடைக்கிறது. வேறு எந்த வேலையாக அங்கே போனாலும் அந்த நேரத்துக்கு நான் போகப்போவதில்லை.

உப்புக்கணக்கு

கோடைப் பேச்சு வந்ததால் தண்ணீர். எல்லாரும் "நிறையக் குடி" என்பார்கள். எவ்வளவு என்று யாரும் சொல்வதில்லை. அதை வீட்டிலேயே அளக்கலாம். ஓடப்போகும் முன் உடையில்லாமல் எடை பாருங்கள். ஒரு மணி நேரம் ஓடிவிட்டு, துடைத்துக்கொண்டு, மறுபடி பாருங்கள். குறைந்த ஒவ்வொரு கிலோவும் ஏறக்குறைய ஒரு லிட்டர் வியர்வை. நடுவில் குடித்ததையும் கூட்டிக்கொள்ளுங்கள். நம் ஊர்க் கோடையில் மணிக்கு ஒரு லிட்டர் என்பது சாதாரணம், பருத்த உடல்வாகு உள்ளவருக்கு ஒன்றரையைத் தாண்டும். உடல் எடையில் 2 சதவீதத்துக்கு மேல் இழந்தால் ஓட்டம் தெளிவாகத் தளரும்.

ஒரு மணி நேரத்துக்குள் முடிகிற ஓட்டத்துக்கு வெறும் தண்ணீர் போதும், காலைச் சாப்பாட்டில் உப்பு வந்துவிடும். அதைத் தாண்டினால் உப்பு வேண்டும். மருந்துக்கடை ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தில் உலக சுகாதார நிறுவனத்தின் கலவை ஒரு லிட்டருக்கு உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5, பொட்டாசியம் குளோரைடு 1.5, சிட்ரேட் 2.9. பொட்டலத்தில் ஒரு லிட்டர் என்று போட்டிருந்தால் ஒரு லிட்டரிலேயே கரையுங்கள். ருசிக்காக அரை லிட்டரில் கரைத்தால் வயிற்றைப் புரட்டும். பொட்டலம் இல்லையென்றால் ஒரு லிட்டருக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, எல்லாம் தலைதட்டி. ரத்த அழுத்தத்துக்கோ சர்க்கரைக்கோ மருந்து எடுப்பவர்கள் இந்த அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வெறும் தண்ணீரை லிட்டர் லிட்டராகக் குடிப்பதும் ஆபத்து. ரத்தத்தில் சோடியம் நீர்த்துப் போனால் தலைவலி, குமட்டல், விரல் வீக்கம், குழப்பம் வரும். நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு எடை கூடியிருந்தால் அதுவே எச்சரிக்கை. தாகத்துக்குக் குடியுங்கள், போட்டிக்குக் குடிக்காதீர்கள்.

இளநீர்ப்பிரியன்

ஓ.ஆர்.எஸ். எல்லாம் எதுக்குங்க? ஓடி முடிச்சதும் ரெண்டு இளநீர். நம்ம ஊரு மருந்து அதுதானே.

உப்புக்கணக்கு

இளநீர் எனக்கும் பிடிக்கும், தினமும் குடியுங்கள். ஆனால் அதில் இருப்பது பெரும்பாலும் பொட்டாசியம். வியர்வையில் போவது பெரும்பாலும் சோடியம். ஒன்றை இழந்து இன்னொன்றை நிரப்புகிறோம். இளநீரில் ஒரு சிட்டிகை உப்பு போட்டால் கணக்கு ஓரளவு நேராகும். மோரில் உப்பு போட்டுக் குடிப்பது அதைவிட நல்லது: உப்பும் இருக்கிறது, கொஞ்சம் புரதமும் இருக்கிறது, விலையும் குறைவு. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் இளநீரைத் தவிர்க்க வேண்டும், அதே பொட்டாசியம்தான் காரணம்.

குக்கர்விசில்

இதுவரை எழுதிய எல்லாரும் நாலரைக்கு எழுந்து கதவைத் திறந்துகொண்டு போய்விடலாம் என்கிற நிலையில் எழுதுகிறீர்கள். ஆறே முக்காலுக்கு இரண்டு டிபன் பாக்ஸ் கட்ட வேண்டிய வீட்டில் கணக்கே வேறு. பெண்கள் படிக்கிறார்கள் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் நேரம். இருபத்தைந்து நிமிடம் கிடைத்தால் அது முழு ஓட்டம். "ஒரு மணி நேரம் இல்லையே" என்று விடக்கூடாது. வாரத்தில் மூன்று நாள் இருபத்தைந்து, வீட்டில் மற்றவர்கள் இருக்கும் ஞாயிறு மட்டும் ஒரு மணி நேரம். இதிலேயே பத்து கிலோமீட்டர் ஓடும் நிலைக்கு வந்துவிடலாம். முந்தின இரவே காய் நறுக்கி வைப்பது, சட்னிக்கு வறுத்து வைப்பது, ஓடும் உடையையும் சாக்ஸையும் குளியலறையில் மாட்டி வைப்பது எல்லாம் பயிற்சியில் சேர்த்திதான். அந்த மூன்று நாளின் காலைப் பொறுப்பு வீட்டில் யாருடையது என்று ஞாயிறு இரவே பேசி முடிவு செய்யுங்கள். காலையில் பேசினால் நடக்காது.

அபார்ட்மென்ட் வளாகத்துக்குள் சுற்றுகிறவர்கள் ஒரே திசையில் சுற்றாதீர்கள். சின்னச் சுற்றில் வளைவு அதிகம், உட்பக்கக் கால் எப்போதும் ஒரே மாதிரி சுமை வாங்கும். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை திசையை மாற்றினால் போதும்.

உடையில் ஒன்றில் மட்டும் சிக்கனம் வேண்டாம், அது ஸ்போர்ட்ஸ் பிரா. மேலே பழைய டி-ஷர்ட் போதும், ஆனால் பருத்தி வேண்டாம், நனைந்தால் கனத்து உராயும். உராயும் இடங்களுக்குத் தேங்காய் எண்ணெய் அரை மணி நேரம்கூட நிற்காது, வாஸ்லின் நிற்கும்.

அடுத்தது இரும்புச்சத்து. "இப்பல்லாம் ஓடவே பிடிக்கல, கால் இழுக்குது" என்று சொல்லும் பெண்கள் மனதைக் குறை சொல்வதற்கு முன் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். ஹீமோகுளோபின் சரியாக இருந்தும், உடம்பின் இரும்பு இருப்பைக் காட்டும் பெரிட்டின் அடியில் கிடக்கலாம், ஆகவே இரண்டையும் கேட்டு வாங்குங்கள். மாதவிலக்கில் போவது, வியர்வையில் போவது, ஒவ்வொரு அடியிலும் உள்ளங்காலில் சிவப்பணு உடைவது எல்லாம் சேர்ந்து இருப்பைக் கரைக்கும். கீரையோ பயறோ சாப்பிடும்போது எலுமிச்சை பிழிந்துகொள்ளுங்கள். டீயும் காபியும் சாப்பாட்டிலிருந்து ஒரு மணி நேரமாவது தள்ளியிருக்கட்டும். மாத்திரை வேண்டுமா என்பதை மருத்துவர் சொல்லட்டும்.

குக்கர் விசிலுக்குக் காத்திருக்கும் நேரத்தில் கெண்டைக்கால் பயிற்சி செய்யலாம். மேடையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் நின்று குதிகாலை உயர்த்தி, மூன்று எண்ணி இறக்குங்கள். ஒவ்வொரு காலுக்கும் பதினைந்து, மூன்று முறை. இதற்குத் தனி நேரமே வேண்டாம்.

பிடிக்கும் காரணமா? வீட்டில் செய்யும் எந்த வேலையும் முடிவதில்லை, மறுநாள் அதே பாத்திரம், அதே துணி. ஓடிய ஐந்து கிலோமீட்டர் முடிந்தது முடிந்ததுதான். அதை யாராலும் கலைக்க முடியாது.

தெருமுனை

அக்கா, உங்கள் கடைசிப் பத்திக்காகவே இந்த இழையைத் தொடங்கியது வீண்போகவில்லை. தெருநாய் விஷயத்தையும் யாராவது எழுதுங்கள். பலர் காலை ஓட்டத்தை விடுவதற்கு அதுதான் காரணம்.

கடலோரம்

நாய் குரைத்துக்கொண்டு வந்தால் ஓடாதீங்க, வேகத்தைக் கூட்டாதீங்க. ஓடுவதைத் துரத்துவது அதன் இயல்பு. நின்று, கையை உடம்போடு வைத்து, கண்ணைப் பார்க்காமல், முதுகைக் காட்டாமல் மெல்ல நடந்து கடங்க. ஐம்பது அடி தள்ளிப்போய் மறுபடி ஓடலாம். தினமும் ஒரே நேரத்தில் ஒரே தெருவில் போனால் அவற்றுக்கு ஆள் பழகிவிடும். குட்டி போட்ட நாய் இருக்கும் தெருவை மட்டும் இரண்டு மாதம் விட்டுவிடுங்க.

கடித்தாலோ நகம் கீறினாலோ ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவணும். அன்றே ரேபிஸ் (வெறிநாய்க்கடி நோய்) தடுப்பூசி, அரசு மருத்துவமனையிலேயே போடுவாங்க. தோல் கிழிந்து ரத்தம் வந்திருந்தால், காயம் சின்னதாக இருந்தாலும், உடனே பாதுகாப்புத் தரும் இம்யூனோகுளோபுலின் ஊசியும் வேண்டும், கேட்டுப் போட்டுக்கணும். மீதித் தவணை ஒன்றையும் விடக்கூடாது.

கணுக்கால்

வலி பற்றி யாரும் எழுதவில்லை. பிடிப்பைக் கெடுப்பதில் அதற்கே முதலிடம். பெரும்பாலும் இரண்டு தவறு: ஒன்று, தூரத்தைத் திடீரென்று கூட்டுவது. இன்னொன்று, நீண்ட அடி வைப்பது.

காலை உடம்புக்கு வெகு முன்னால் நீட்டி வைத்தால் ஒவ்வொரு அடியும் பிரேக் போட்ட மாதிரி, அந்த அதிர்ச்சி முழங்காலுக்குப் போகும். ஒரு காலை மட்டும் முப்பது விநாடி எண்ணி நாலால் பெருக்குங்கள், நிமிடத்துக்கு எத்தனை அடி என்று வரும். 150-க்குக் கீழே இருந்தால் ஐந்து சதவீதம் கூட்டிப் பாருங்கள். வேகத்தைக் கூட்டக்கூடாது, அடியைச் சின்னதாக்க வேண்டும். எல்லாருக்கும் 180 என்று சொல்வதை நம்ப வேண்டாம், உயரமும் வேகமும் பொறுத்து அது மாறும்.

கணைக்காலின் உள்விளிம்பில் ஒரு சாண் நீளத்துக்குப் பரவலாக வலித்தால் அது அதிகச் சுமை. ஒரு வாரம் தூரத்தைப் பாதியாக்கி, கெண்டைக்கால் பயிற்சி செய்தால் பெரும்பாலும் அடங்கும். வலி ஒரே விரல் நுனி அளவு இடத்தில், அழுத்தினால் துள்ளும்படி, ஓடாதபோதும் இரவிலும் இருந்தால் எலும்பில் விரிசலாக இருக்கலாம். ஓட்டத்தை அன்றே நிறுத்தி எலும்பு மருத்துவரைப் பாருங்கள். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் தெரியாமல் போகலாம், எம்.ஆர்.ஐ. காட்டும். காலையில் கட்டிலிலிருந்து இறங்கும் முதல் அடியில் குதிகால் சுரீரென்றால் உள்ளங்கால் சவ்வு. அதற்கு வீட்டிலும் மொசைக் தரையில் வெறுங்காலோடு நிற்பதைக் குறைக்க வேண்டும். மெத்தென்ற செருப்பு ஒன்றை வீட்டுக்குள் போட்டுக்கொள்வது பாதி வைத்தியம்.

ஷூவை மாலையில் வாங்குங்கள், அப்போதுதான் பாதம் சற்று வீங்கியிருக்கும். நீளமான விரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். 500 முதல் 800 கிலோமீட்டரில் நடுப்பஞ்சு செத்துவிடும், அடிப்பாகம் பார்க்கப் புதிதாகவே இருக்கும். வாங்கிய தேதியை ஷூ நாக்கின் உட்புறம் பேனாவால் எழுதி வைத்தால் கணக்கு தப்பாது.

இளநீர்ப்பிரியன்

கடல் மணல்ல வெறுங்காலோட ஓடினா இந்த வலி எதுவும் வராதுன்னு சொல்றாங்களே?

கணுக்கால்

காய்ந்த மணலில் குதிகால் புதையும். கெண்டையும் குதிநாணும் இரட்டை வேலை செய்யும். பழக்கமில்லாதவர் ஐந்து நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது. ஈரமணல் கெட்டியாக இருக்கும், ஆனால் கடலை நோக்கிச் சரிந்திருக்கும். ஒரு கால் எப்போதும் தாழ்வில் விழும், முழங்காலின் வெளிப்பக்கம் பிடித்துக்கொள்ளும். போன வழியே திரும்பி வந்தால் ஓரளவு ஈடாகும். நம் கடற்கரைகளில் கண்ணாடித் துண்டும் தூண்டில் முள்ளும் கிடக்கின்றன. வாரத்தில் ஒரு நாள், சுத்தமான இடமாகப் பார்த்து, பத்து நிமிடம் என்றால் பாதத்துக்கு நல்ல பயிற்சி.

இரவுஷிப்ட்

காலை மூன்று மணிக்கு கேப் இறக்கிவிடும் வேலைக்காரர்களுக்கும் ஒரு வழி சொல்கிறேன். வீடு வந்ததும் "எப்படியும் முழிச்சிருக்கோமே" என்று ஓடப்போகாதீர்கள். தூக்கம் குறைந்த உடம்பில் ஓட்டம் பிடிக்காது, அடியும் சீக்கிரம் படும். முதலில் ஏழு மணி நேரத் தூக்கம். மாலை ஐந்தரை, ஆறுக்கு ஓடிவிட்டுக் குளித்து வேலைக்குக் கிளம்புங்கள். சாப்பாட்டுக்கும் ஓட்டத்துக்கும் இரண்டரை மணி இடைவெளி. பசித்தால் அரை மணி முன்பு ஒரு வாழைப்பழம். மாலையில் ரோடு வெப்பத்தைக் கக்கும், ஆகவே தார்ச்சாலையை விட்டுப் பூங்காவோ மைதானமோ தேடுங்கள். என் காரணம் இதுதான்: ஷிப்ட் மாறி மாறி வரும் வாழ்க்கையில் பகல் எப்போது தொடங்குகிறது என்று உடம்புக்குச் சொல்வது அந்த ஓட்டம் ஒன்றே.

மெதுவோட்டம்

மழைக்காலத்தையும் எழுதிவிடுகிறேன். சென்னையின் பெரிய ஓட்டப் போட்டி ஜனவரித் தொடக்கத்தில் வருவது வழக்கம். அதற்கான நீண்ட ஓட்டங்கள் எல்லாம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை, அதாவது வடகிழக்குப் பருவமழையின் நட்டநடுவில். தூறலில் ஓடுவது பேரின்பம், தாராளமாக ஓடுங்கள். தேங்கிய நீரில் கால் வைக்காதீர்கள்: திறந்த சாக்கடை மூடி தெரியாது, தெருவோர மின்பெட்டியில் கசிவு இருக்கலாம், எலிச்சிறுநீரால் லெப்டோ காய்ச்சலும் வரும். அந்த நாட்களில் மாடிப்படி போதும். இருபது நிமிடம் ஏறுங்கள், இறங்கும்போது நடங்கள். இறக்கத்தில்தான் தொடை அடிபடும். நனைந்த ஷூவில் உள்தகட்டை எடுத்துவிட்டு, செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, மின்விசிறிக்குக் கீழே வையுங்கள். இரண்டு மணி நேரத்தில் தாளை மாற்றினால் மறுநாள் காய்ந்திருக்கும். வெயிலிலோ ஹீட்டர் பக்கமோ வைத்தால் பசை விடும்.

குக்கர்விசில்

போட்டி என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். போட்டிக்குப் பேர் கொடுத்த பிறகு ஓட்டம் வீட்டுப்பாடம் ஆகிவிடுகிறது என்பது என் கருத்து. வாட்சைப் பார்த்துப் பார்த்துப் பிடிப்பே போய்விடும்.

மெதுவோட்டம்

எல்லாருக்கும் அப்படி இல்லைங்க. தேதி ஒன்று இருந்தால்தான் சிலருக்குக் கால் நகரும். ஆனால் வாரத்தில் நாலு ஓட்டம் என்றால் மூன்று பேசிக்கொண்டே ஓடும் வேகத்தில் இருக்க வேண்டும். ஒன்றில் மட்டும் வாட்சைப் பார்க்கலாம். எல்லா நாளும் நடுத்தர வேகத்தில் மூச்சுவாங்க ஓடுகிறவர்கள்தான் சலித்துப்போகிறார்கள். போட்டிக்கும் அந்த வேகம் உதவாது. அரை மாரத்தானான 21.1 கிலோமீட்டருக்குத் தயாராக, ஞாயிறு ஓட்டத்தை எட்டில் தொடங்கி வாரம் ஒரு கிலோமீட்டர் கூட்டுங்கள். நாலாவது வாரம் குறைத்துக்கொள்ளுங்கள். பதினெட்டு வரை போனால் போதும், முழுத் தூரத்தையும் பயிற்சியில் ஓடத் தேவையில்லை.

தெருமுனை

கடைசியாக ஒன்று. எங்கள் பக்கம் இப்போது வீட்டுக்கு வீடு காய்ச்சல். காய்ச்சல் விட்டு எத்தனை நாளில் ஓடலாம்?

உப்புக்கணக்கு

மூக்கொழுகல், தும்மல் மட்டும் என்றால் மெதுவாக இருபது நிமிடம் ஓடலாம். காய்ச்சல், உடம்புவலி, நெஞ்சுச்சளி இருந்தால் ஓடவே கூடாது. வைரஸ் சில சமயம் இதயத்தசையைத் தாக்கும், அப்போது ஓடுவது உயிருக்கே ஆபத்து. காய்ச்சல் மாத்திரை இல்லாமல் விட்டபின் குறைந்தது இரண்டு, மூன்று நாள் நடை மட்டும். படுக்கையிலிருந்து எழும் முன் நாடியை எண்ணுங்கள். வழக்கத்தைவிட ஐந்துக்கு மேல் கூடுதலாக இருந்தால் இன்னும் காத்திருங்கள். டெங்கு என்றால் தட்டணுக்கள் சரியாகி மருத்துவர் சொன்ன பிறகுதான், அதுவும் ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என்று முதலிலிருந்து. நெஞ்சுவலி, படபடப்பு, வழக்கமில்லாத மூச்சிரைப்பு எது வந்தாலும் அங்கேயே நிறுத்தி, ஈ.சி.ஜி. எடுத்த பிறகே அடுத்த ஓட்டம்.